பட்டுப்போன மரத்தின் பட்டைக்கு அடியில்

சென்ற ஆண்டு ஒரு மாலை மழையில், எங்கள் பள்ளித் திடலோரம் நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து விழுந்தது. மறுநாள் அதை நான்கு துண்டாக அறுத்து வேலியோரமாக உருட்டிவிட்டார்கள். லோரி வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்றார்கள். மூன்று மாதம் ஆகியும் லோரி வரவில்லை. படிவம் இரண்டு மாணவர்கள் சிலர் அதற்குள் பட்டையை உரித்துப் பார்த்துவிட்டார்கள்.

"டீச்சர், வந்து பாருங்க. யாரோ மரத்துல ரோடு போட்டு வச்சிருக்காங்க!"

போய்ப் பார்த்தேன். மாணவன் சொன்னது சரிதான். உரிந்த பட்டையின் உள்பக்கத்திலும், அதற்கு நேர் எதிரே கட்டையின் மேலும், வளைந்து வளைந்து ஓடும் பாதைகள். ஒரு முனையில் நூல் அளவே இருந்த பாதை, போகப் போக அகன்று, மறுமுனையில் சுண்டுவிரல் அகலத்துக்கு வந்து, சட்டென்று கட்டைக்குள் இறங்கி மறைந்திருந்தது. பாதை முழுக்கப் பழுப்பு நிறத் தூள் அழுத்தி அடைக்கப்பட்டிருந்தது.

"இது கரையானா?" என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. கரையான் வந்த இடத்தில் மண் இருக்கும். ஈர மண்ணைக் குழைத்துக் கூரை கட்டிக்கொண்டுதான் அது நடமாடும். இங்கே மண் இல்லை, கட்டை அரைபட்ட தூள்தான் இருந்தது. அது மட்டுமல்ல, கரையான் கூட்டமாக வேலை செய்யும். இங்கே ஒவ்வொரு பாதையும் ஒரே ஒரு பிராணி தனியாகப் போட்டது. பாதை ஏன் அகன்றுகொண்டே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். பாதை போட்டவர் போகப் போக வளர்ந்திருக்கிறார். தின்றுகொண்டே நகர்ந்து, நகர்ந்துகொண்டே பருத்திருக்கிறார். அந்தக் கோடு ஒரு புழுவின் வாழ்க்கை வரலாறு.

அந்தப் புழு வளர்ந்தால் நீள்கொம்பு வண்டு. மலாயில் 'கும்பாங் தண்டுக் பாஞ்சாங்' என்பார்கள். இரவில் வராந்தா விளக்கடியில் எப்போதாவது நீங்களும் பார்த்திருக்கலாம். உடல் நீண்டிருக்கும். தலையிலிருந்து இரண்டு உணர்கொம்புகள் பின்னோக்கி வளைந்து, பல இனங்களில் உடலைவிடவும் நீளமாகப் போகும். பெரும்பாலும் ஆணுக்குத்தான் நீளம் அதிகம். கிட்டத்தில் பார்த்தால் இன்னோர் அடையாளமும் தெரியும். கொம்பு முளைக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு கண் அவரை விதை போல வளைந்திருக்கும். கையில் பிடித்தால் பல இனங்கள் 'கிரீச் கிரீச்' என்று கத்தும். வாயால் அல்ல, மார்பின் முன்பகுதியைப் பின்பகுதியோடு உரசி அந்த ஒலியை எழுப்புகின்றன. உலகில் 35,000க்கும் மேற்பட்ட நீள்கொம்பு வண்டு இனங்களுக்கு அறிவியலாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

விழுந்து சில நாளே ஆன மரத்தை இந்த வண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது? வாசனையால்தான். மரம் சாகும்போதும் அழுகத் தொடங்கும்போதும் பட்டைக்கு அடியில் ஆக்சிஜன் குறைந்து எத்தனால் உருவாகிறது. ஆம், அதே ஆல்கஹால்தான். அது காற்றில் கலக்கிறது. பல இனங்கள் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்கின்றன. பெண் வண்டு பட்டையில் ஒரு வெடிப்பைத் தேடும், அல்லது தாடையால் கடித்து ஒரு கீறல் போடும். அதற்குள் முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும்.

முட்டையிட ஏன் பட்டையின் அடி? இங்கேதான் நீங்கள் படித்த தாவரவியல் உதவிக்கு வருகிறது. இலையில் தயாராகும் உணவு, உள்பட்டை வழியாகத்தான் கீழே இறங்குகிறது. ஒரு மரத்தில் சர்க்கரையும் மாவுச்சத்தும் கொஞ்சம் புரதமும் உள்ள இடம் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய ஈர அடுக்குதான். பொரித்து வரும் குட்டிப் புழுவுக்கு அது பால்சோறு. தாடை வலுக்கும்வரை அங்கேயே வளைந்து வளைந்து தின்னும். பிறகுதான் பல இனங்கள் கட்டைக்குள் இறங்குகின்றன.

எங்கள் மாணவர்கள் ஒரு புழுவையும் கண்டார்கள். வெண்ணெய் நிறம், தலைப்பக்கம் தடித்து வால்பக்கம் ஒடுங்கிய உடல், கறுத்த தாடை. கால் எங்கே என்று தேடினார்கள். இந்தக் குடும்பத்துப் புழுக்களுக்குக் கால் இருக்காது, இருந்தாலும் பேருக்குத்தான். சுரங்கத்துக்குள் கால் எதற்கு? முதுகிலும் வயிற்றிலும் உள்ள புடைப்புகளை மேலும் கீழும் சுவரில் அழுத்தி, புகைபோக்கிக்குள் ஏறும் மனிதனைப் போல நகர்கிறது. "சரவாக்கில் சாப்பிடுவாங்களே, அந்தப் புழுவா?" என்று ஒருவன் கேட்டான். அது சேகோ மரத்தில் வளரும் கூன்வண்டுப் புழு. பார்ப்பதற்குச் சொந்தக்காரர் மாதிரி இருந்தாலும் வேறு குடும்பம்.

கட்டைக்குள் இறங்கிய பிறகு புழுவின் பாடு திண்டாட்டம். பச்சை இலையின் உலர் எடையில் ஏறத்தாழ 2 முதல் 4 விழுக்காடு நைட்ரஜன் இருக்கும். மரக்கட்டையிலோ 0.1 விழுக்காடு இருந்தால் அதிகம். உடலில் புரதம் சேர நைட்ரஜன் வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 கிராம் நைட்ரஜனுக்குக் குறைந்தது 1 கிலோ மரம் தின்ன வேண்டும்! அதிலும் பெரும்பகுதி செல்லுலோஸும் லிக்னினும். நீங்களும் நானும் செல்லுலோஸைச் செரிக்க முடியாது. கீரை நாராகவே வெளியே வந்துவிடும். பூச்சிகளாலும் முடியாது, குடலில் இருக்கும் நுண்ணுயிரிகள்தான் செரித்துக் கொடுக்கின்றன என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். ஆனால் ஆசிய நீள்கொம்பு வண்டின் மரபணுத் தொகுதியை 2016இல் வெளியிட்டபோது ஒரு வியப்பு காத்திருந்தது. தாவரச் செல்சுவரை உடைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் வண்டிடமே இருந்தன. அவற்றில் சில, மிகப் பழைய காலத்தில் பாக்டீரியாவிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் அதன் மூதாதையருக்கு வந்து சேர்ந்தவை. லிக்னின் மட்டும் இன்னும் கெட்டி. அதை உடைப்பதில் பூஞ்சைகள்தாம் கில்லாடிகள். வண்டு துளை போட்டுக் கொடுக்க, அந்தத் துளை வழியே பூஞ்சை உள்ளே போகிறது. பூஞ்சை மென்மையாக்கிக் கொடுக்க, அடுத்த புழு வருகிறது.

இப்படிப்பட்ட சாப்பாட்டில் வேகமாக வளர முடியாது. எங்கள் வெப்பநிலையில் சில இனங்கள் ஆறேழு மாதத்தில் வண்டாகிவிடும். குளிர் நாடுகளில் இரண்டு மூன்று ஆண்டு ஆவது சாதாரணம். கட்டை நன்றாகக் காய்ந்துவிட்டால் வளர்ச்சி இன்னும் இழுத்துக்கொண்டே போகும். அமெரிக்காவில் 40 ஆண்டுக்கும் மேல் பழைய புத்தக அலமாரியிலிருந்து ஒரு நீள்கொம்பு வண்டு வெளியே வந்ததாகப் பதிவு உண்டு. அலமாரி செய்யும் முன்பே பலகைக்குள் இருந்த புழு அது.

இனி நம் பக்கத்துக் கதை ஒன்று. 1855 மார்ச் 14ஆம் நாள், ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் சரவாக்கில் சிமுஞ்சான் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வந்து சேர்ந்தார். அதற்கு முந்தைய நான்கு மாதங்களில், சரவாக்கின் வேறு இடங்களில் அலைந்து அவர் சேர்த்த வண்டு இனங்கள் 320. சிமுஞ்சானில் இரண்டு வாரம் முடியும் முன்பே அந்த எண்ணிக்கை இரு மடங்கானது. நாளொன்றுக்குச் சராசரியாக 24 புதிய இனங்கள். ஒரே நாளில் 76 இனங்கள் பிடித்தார், அதில் 34 அவர் அதுவரை பிடிக்காதவை. ஏப்ரல் முடிவில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. போர்னியோவில் அவர் சேர்த்த ஏறத்தாழ 2,000 வண்டு இனங்களில், நூறு போக மற்றதெல்லாம் இந்த ஒரே இடத்தில் கிடைத்தவை. பரப்பளவு ஒரு சதுர மைலுக்குச் சற்றே அதிகம். நீள்கொம்பு வண்டுகள் மட்டும் ஏறக்குறைய 300 இனங்கள். பத்தில் ஒன்பது அறிவியலுக்கே புதியவை.

சிமுஞ்சானில் அப்படி என்ன இருந்தது? சுரங்கத்துக்கும் அதற்கான தண்டவாளத்துக்கும் சீனத் தொழிலாளர்களும் டாயாக் மக்களும் காட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிப் போட்ட மரங்கள் வெயிலில் கிடந்தன. எங்கே பார்த்தாலும் காயும் கட்டை, உரியும் பட்டை, எத்தனால் வாசனை. வண்டுகளுக்குக் கல்யாண விருந்து. வாலஸ் வேலையாட்களிடம், பூச்சி கொண்டுவந்தால் ஒன்றுக்கு ஒரு சென் தருவதாகச் சொல்லிவைத்தார்.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னால் பின்வரிசையிலிருந்து உடனே ஒரு கை உயரும். "அப்படின்னா காட்டை வெட்டுறது வண்டுக்கு நல்லதா, டீச்சர்?" ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பேன். விருந்து நடந்தது வெட்டிய இடத்தில். விருந்தாளிகள் எங்கிருந்து வந்தார்கள்? சுற்றிலும் வெட்டாமல் நின்ற பெருங்காட்டிலிருந்து. அந்தக் காட்டில் எத்தனையோ நூறாண்டுகளாக ஆங்காங்கே ஒரு மரம் செத்துக்கொண்டே இருந்தது. ஒன்று மக்கி முடிவதற்குள் இன்னொன்று விழுந்துகொண்டே இருந்தது. அதனால்தான் 300 இனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்திருந்தன. ஒரே நாளில் ஆயிரம் மரம் விழுந்து, அதன்பின் ஐம்பது ஆண்டு ஒன்றுமே விழாவிட்டால், விருந்து முடிந்த மறுநாளே பஞ்சம்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. எல்லா நீள்கொம்பு வண்டுக்கும் ஒரே கட்டை ஆகாது. சில உயிருள்ள மரத்தைத் துளைக்கும். சில சாகப்போகும் மரத்தை நாடும். சிலவற்றுக்கு நேற்று விழுந்த மரம்தான் வேண்டும். இன்னும் சில, பட்டையெல்லாம் கழன்று பூஞ்சை பிடித்த பிறகே வரும். ஆகவே ஒரே கட்டையில் ஆண்டுக்கு ஆண்டு குடித்தனக்காரர்கள் மாறுவார்கள். அவர்களுக்குப் பின்னால் புழுவைத் தின்னும் வேறு வண்டுகள், புழுவின் மேல் முட்டையிடும் குளவிகள், மரங்கொத்திகள். காலியான துளைகளில் எறும்பும் சிறு தேனீயும் குடியேறும். பின்லாந்தில் கணக்கெடுத்தபோது, காட்டு உயிரினங்களில் 20 முதல் 25 விழுக்காடு ஏதாவது ஒரு வகையில் செத்த மரத்தை நம்பியிருப்பது தெரிந்தது. அது மழைக்காடுகூட அல்ல.

ஆனால் இந்தப் பூச்சிகள் உண்மையிலேயே மரத்தை மக்கச் செய்கின்றனவா, அல்லது எல்லாம் பூஞ்சையின் வேலையா? இதை எப்படிச் சோதிப்பீர்கள்? படிவம் ஒன்றிலேயே கட்டுப்பாட்டுச் சோதனை பற்றிப் படித்திருப்பீர்கள். 2021இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு அதைத்தான் செய்தது. ஆறு கண்டங்களில் 55 காடுகளில் மரத்துண்டுகளை வைத்தார்கள். சிலவற்றை நுண்வலைக் கூண்டுக்குள் வைத்தார்கள். பூச்சி நுழையாது, பூஞ்சை நுழையும். சிலவற்றைத் திறந்தே விட்டார்கள். எடை எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிட்டார்கள். உலகின் செத்த மரங்களிலிருந்து ஆண்டுதோறும் வெளியேறும் கார்பனில் ஏறத்தாழ 29 விழுக்காட்டுக்குப் பூச்சிகளின் பங்கே காரணம் என்று அதிலிருந்து மதிப்பிட்டார்கள். கரையானும் நீள்கொம்பு வண்டும் அதில் முக்கியமானவை.

சரி, எங்கள் கட்டைக்கு வருகிறேன். பட்டையை உரித்த அதே வாரம் லோரி வருவதாகத் தகவல் வந்தது. ஏற்றிக்கொண்டு போய் எரித்துவிடுவார்கள். மாணவர்கள் முகம் வாடிவிட்டது. இங்கே அவர்களிடம் ஐரோப்பாவில் வாழும் ஓர் அழகான வண்டைப் பற்றிச் சொன்னேன். பெயர் ரோசாலியா அல்பினா. சாம்பல் கலந்த நீல நிறத்தில் கறுப்புப் புள்ளிகள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப் பாதுகாப்பு பெற்றது. பெரும்பாலும் வெயில் படும் செத்த பீச் மரத்தில் முட்டையிடும். காடுகளில் செத்த மரத்தை விட்டுவைக்காததால் அது வேறு இடம் தேடியது. சாலையோரம் அடுக்கி வைத்த பீச் கட்டைகள் கண்ணில் பட்டன. வெயிலும் உண்டு, செத்த மரமும் உண்டு; முட்டையிட்டது. சில மாதம் கழித்து அந்தக் கட்டைகள் அறுப்பு ஆலைக்கோ அடுப்புக்கோ போயின, உள்ளே இருந்த புழுக்களோடு. அந்தக் கட்டைகளை முதலிலேயே அங்கே அடுக்காமல் இருந்திருந்தால் வண்டு ஏமாந்திருக்காது.

எங்கள் வேலியோரத்தில் நடந்ததும் அதேதான். கிளை விழுந்த வாரமே லோரி வந்திருந்தால் எந்த வண்டுக்கும் நட்டமில்லை. மூன்று மாதம் வெயிலில் போட்டுவைத்து, சுற்று வட்டாரத்து வண்டுகளையெல்லாம் அழைத்து, முட்டையிட வைத்து, அப்புறம் எரிப்பதுதான் ஆகக் கெட்ட வழி. சுத்தம் செய்வதானால் உடனே செய்ய வேண்டும். இல்லையென்றால் அந்தக் கட்டையை அங்கேயே விட்டுவிட வேண்டும். பூங்காவிலும் தாமானிலும் இதை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. எனக்கு இதில் கொஞ்சம் ஆத்திரம் உண்டு.

இரண்டு துண்டுகளை அறிவியல் கூடத்தின் பின்னால் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டோம். கிடைத்தது. ஆனால் பள்ளித் தோட்டக்காரர் அண்ணனுக்கு ஒப்பவில்லை. "நீங்க இங்க பூச்சி வளர்த்தா அது எங்க வீட்டு டுரியான் மரத்துக்குத்தான் வரும் டீச்சர்" என்றார். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. பாத்தோசெரா என்ற பெரிய நீள்கொம்பு வண்டு, உயிரோடு நிற்கும் டுரியான் மரத்தையே துளைக்கும். அடிமரத்தில் தூள் கொட்டிக்கிடப்பதைக் கண்டால் தோட்டக்காரருக்கு வயிறு கலங்கும். டுரியான் தோப்பில் பட்டுப்போன டுரியான் மரத்தை விட்டுவைக்கக் கூடாது, வெட்டி அப்புறப்படுத்த வேண்டும் என்பது சரியான அறிவுரைதான். பழத்தோப்பு வேறு, காடு வேறு, பள்ளிக்கூடத்துப் பின்புறம் வேறு. அண்ணனின் வீடு ஆற்றுக்கு அந்தப்பக்கம். இருந்தாலும் அவர் மனம் ஆற, ஒரு துண்டைக் கம்பிவலைக்குள் வைத்தோம்.

இந்தப் பயம் உலக அளவிலும் உண்டு. சீனாவையும் கொரியாவையும் சேர்ந்த ஆசிய நீள்கொம்பு வண்டு, சரக்குப் பெட்டிகளின் பச்சைப் பலகைக்குள் புழுவாகக் கப்பலேறி, 1996இல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. 2002இல் ஒரு பன்னாட்டு விதி வந்தது. நாடு விட்டு நாடு போகும் மரப்பெட்டி, மரப்பலகைத் தட்டு எதுவானாலும், கட்டையின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைக்க வேண்டும், அல்லது புகையூட்ட வேண்டும். பட்டையை நீக்கியிருக்கவும் வேண்டும். ஏன் பட்டை என்று இப்போது நான் சொல்லத் தேவையில்லை. அடுத்த முறை கிள்ளான் துறைமுகப் பக்கமோ, பேரங்காடியின் பின்வாசலிலோ மரத்தட்டைப் பார்த்தால் அதன் பக்கவாட்டில் தேடுங்கள். கோதுமைக் கதிர் போன்ற ஒரு படமும் ஐபிபிசி என்ற எழுத்துகளும் சூட்டுமுத்திரையாகப் பதிந்திருக்கும்.

நீங்களே பட்டைக்கு அடியில் பார்க்க விரும்பினால் சில வார்த்தை. நின்றுகொண்டிருக்கும் பட்ட மரத்தின் அடியில் போகாதீர்கள். கிளை எப்போது விழும் என்று சொல்ல முடியாது. கீழே கிடக்கும் கட்டையே போதும். வெறும் கையை உள்ளே விடாதீர்கள், பூரானும் தேளும் அங்கே இருக்கலாம். ஏற்கனவே தளர்ந்த பட்டையை மட்டும் மெல்லத் தூக்கிப் பாருங்கள், கைப்பேசியில் படம் எடுங்கள், திரும்ப மூடிவையுங்கள். முழுவதும் உரித்துவிட்டால் ஈரம் போய்விடும், புழு காய்ந்துவிடும். துளையின் வடிவத்தையும் கவனியுங்கள். வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருந்தால் நீள்கொம்பு வண்டு வெளியேறிய வாசலாக இருக்கலாம். ஒரு பக்கம் தட்டையாக அரைவட்டம் போல இருந்தால் அது பொன்வண்டுக் குடும்பம். குண்டூசி முனை அளவில் நூற்றுக்கணக்கில் இருந்தால் வேறு சிறு வண்டுகள்.

காதையும் பயன்படுத்துங்கள். என் பாட்டி ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில், அடுப்படியில் அடுக்கிய விறகிலிருந்து இராத்திரியில் 'கரக் கரக்' என்று சத்தம் வருமாம். காலையில் பார்த்தால் விறகின் கீழே மாவு கொட்டிக் கிடக்குமாம். பெருங்கட்டைக்குள் இருக்கும் தடித்த புழு மரத்தை அரைக்கும் ஓசை, அமைதியான இடத்தில் மனிதக் காதுக்கே கேட்கும். வகுப்பில் யாரும் நம்பவில்லை. பள்ளி முடிந்து எல்லோரும் போன பிறகு நான்கு பேர் திரும்பி வந்து கட்டையில் காதை வைத்தார்கள். அதில் ஒருவன் வகுப்பில் வாய் மூடாத பையன். ஒரு நிமிடம் முழுக்க அவன் மூச்சுக்கூட விடவில்லை.

வலைக்கு வெளியே இருந்த துண்டில், விடுமுறை முடிந்து வந்த திங்கட்கிழமை ஒரு துளை இருந்தது. நீள்வட்டம், விளிம்பு வெட்டினாற்போல் சுத்தம், கீழே புதிய தூள். வண்டு போய்விட்டிருந்தது. "ரெண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று அந்தப் பையன் கட்டையைப் பார்த்துக் கோபித்துக்கொண்டான். பிறகு பென்சிலை உள்ளே விட்டுப் பார்த்தான். பாதிவரை போயிற்று. வலைக்குள் இருக்கும் துண்டில் இன்னும் ஒன்றும் வெளியே வரவில்லை. ஆனால் காதை வைத்தால் சத்தம் கேட்கிறது. அண்ணனும் இப்போது கேட்டுவிட்டுப் போகிறார்.